வெப்பத்துக்கு ஒரு படிக்கல்

கூட்ஸ் ஷெட்டிலுள்ள தராசு சரியானதா என்று ஐயம் எழுந்தால் முத்திரையிட்ட படிக்கற்களை வைத்துப் பார்க்கிறோம். ரயில்வே பட்டறையில் உலையின் சூட்டைக் காட்டும் வெப்பமானியில் ஐயம் எழுந்தால் எந்தப் படிக்கல்லை வைப்பது? இது வீண் கேள்வியன்று. சூடு மிஞ்சினாலும் குறைந்தாலும் எஃகின் பதம் கெடும். பதம் கெட்ட ஸ்பிரிங் ஓடும் வண்டியில் முறியும்.

இங்கிலாந்தில் பீங்கான் தொழில் நடத்திய ஜோசையா வெட்ஜ்வுட் என்பார் 1782இல் ஒரு வழி கண்டார். பாதரசம் சுமார் 357 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடுமாதலால் சூளைக்கு உதவாது. களிமண்ணோ சூட்டில் சுருங்கும். ஆகவே சிறு களிமண் துண்டுகளைச் சூளையிலிட்டு எடுத்து, வரவரக் குறுகும் பித்தளைச் சட்டத்தினுள் அவை எவ்வளவு தூரம் செல்கின்றன என்று பார்த்தார். இன்றைய சூடும் நேற்றைய சூடும் ஒன்றா என்றறிய அது போதும். தம் அளவையைப் பாரன்ஹீட் அளவையோடு இணைக்க முற்பட்டபோதுதான் வந்தது வினை. வார்ப்பிரும்பு உருகும் சூடு 17,977 டிகிரி என்று கணக்காயிற்று! உண்மையில் அது ஏறத்தாழ 2,200 டிகிரியே. பாவம், அவர் கைத்திறனில் குறையில்லை; இடைவழியில் நம்பத்தக்க மைல்கற்கள் அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்த மைல்கற்கள் சுத்த உலோகங்களிலேயே இருந்தன. உருகிய துத்தநாகம் ஆறும்போது, இறுகத் தொடங்கியது முதல் முற்றிலும் இறுகும் வரை அதன் சூடு இறங்காமல் நிற்கிறது. இறுகுகையில் அது தன் உள்வெப்பத்தை வெளிவிடுவதே காரணம். மெட்ரிக்குலேஷனோடு நின்றுவிட்ட நமக்கு இது முதலில் நம்பற்கரியதாகவே தோன்றிற்று. 1886இல் பிரான்ஸில் லெ ஷாடெலியே பிளாட்டினக் கம்பியையும் பிளாட்டின-ரோடியக் கம்பியையும் இணைத்த கருவியை இத்தகைய அடையாளங்களைக் கொண்டே திருத்தினார். 1927இல் நாடுகள் கூடி இவற்றைப் பொது அளவையாக ஏற்றன. 1990ஆம் ஆண்டின் அளவைப்படி துத்தநாகம் இறுகுவது 419.527 டிகிரி, வெள்ளி 961.78 டிகிரி. கிராபைட் மூசையில் சுத்த உலோகம், அதைச் சுற்றிச் சீராகச் சுடும் மின் உலை, நடுவே சோதிக்கவேண்டிய வெப்பமானி: சாதனம் இவ்வளவே.

நம் நாட்டில் இப்பணிக்குரிய தலைமை இடம் டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம். 1947 ஜனவரி 4இல் நேரு அடிக்கல் நாட்ட, 1950 ஜனவரி 21இல் படேல் திறந்து வைத்தார். முதல் இயக்குநர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். பட்டறை வெப்பமானியை ஒரு சோதனைக்கூடத்துக் கருவியோடு ஒப்பிடுவர். அக்கருவியை அதனினும் நுட்பமான மற்றொன்றோடு. இப்படியே படியேறிச் சென்றால், கடைசிப் படியில் இருப்பது இறுகும் உலோகம் நிறைந்த ஒரு மூசைதான்.