தம்மைத் தாமே நகும் நகை

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள் என்பது தொல்காப்பியர் கொள்கை. இவற்றுள் எள்ளலைப் பிறரை எள்ளி நகுதல் என்றும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என்றும் இரண்டாக வகுப்பர் உரையாசிரியராகிய பேராசிரியர். தன்னைத் தானே எள்ளி நகுதலை மூன்றாம் வகையாகக் கொள்ளலாம். அதனைத் தம் நாட்டியல்பாகவே போற்றுவோர் ஆஸ்திரேலியர். அந்நகை பிறந்து வளர்ந்த வரலாற்றை, 1932-இல் வெளிவந்த 'ஆன் அவர் செலக்‌ஷன்' என்னும் திரைப்படத்தின் வழி ஈண்டுக் காண்போம்.

'செலக்‌ஷன்' என்பது தெரிந்தெடுத்த காணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரந்த அரசு நிலங்கள் பெரும் ஆட்டுப்பண்ணையாளர் கையில் இருந்தன. 1861-இல் நியூ சவுத் வேல்சிலும், 1868-இல் குவீன்ஸ்லாந்திலும் இயற்றப்பெற்ற சட்டங்கள், எளியோரும் அவற்றில் ஒரு பகுதியைத் தெரிந்தெடுத்துத் தவணையில் உரிமையாக்கிக்கொள்ள வழிசெய்தன. நிலம் கிடைத்தது, உழுபடையும் கைப்பொருளும் கிடைக்கவில்லை.

அவ்வாறு குடியேறிய வேல்ஸ் நாட்டுக் கொல்லர் ஒருவரின் மகன் ஆர்தர் ஹோய் டேவிஸ் (1868–1935). பிரிஸ்பேன் நகரில் அரசு எழுத்தராக இருந்த அவர், 'ஸ்டீல் ரட்' என்னும் புனைபெயரில் எழுதிய கதைகள் 1895 முதல் சிட்னியின் 'புல்லட்டின்' இதழில் வெளிவந்து, 1899-இல் நூலாயின. அக்கதைகளில், முதல் அறுவடையின் மக்காச்சோளம் 12 பவுனுக்கு விலைபோகிறது. கடைக்காரர் பழங்கடனுக்கு 9 பவுனைக் கழித்துக்கொண்டு 3 பவுனே தருகிறார். தேயிலை தீர்ந்தபோது தந்தை ரட், ரொட்டித் துண்டைக் கரியாகச் சுட்டு, வெந்நீர் ஊற்றிப் பருகி, சுவை நன்று என்கிறார். நாம் நகுகிறோம், நகைத்து முடியுமுன் அவ்வீட்டின் வறுமை நமக்குப் புலனாகிறது. அழுது சொல்ல வேண்டியதை நகைத்துச் சொல்வதே அவர் கலை.

1912-இல் பெர்ட் பெய்லி இதனை நாடகமாக்கினார். 1920-இல் ரேமண்ட் லாங்ஃபோர்டு ஊமைப்படமாக எடுத்தார். நாடகத்தைத் தழுவி 1932-இல் கென் ஜி. ஹால் இயக்கிய பேசும்படத்தில் பெய்லியே தந்தையாக நடித்தார். உலகப் பொருளாதார வீழ்ச்சியால் வேலையிழந்தோர் மலிந்திருந்த காலம் அது. செல்வப் பண்ணையாளர் கேரியை எதிர்த்து நிற்கும் ஏழை உழவரை மக்கள் தம்மவராகவே கண்டனர். படம் பெருவெற்றி பெற்றது. 1935, 1938, 1940 ஆகிய ஆண்டுகளில் தொடர்ச்சிகள் வந்தன. 1937 முதல் 1953 வரை வானொலித் தொடரும் நடந்தது.

எனினும் ஒன்று இழக்கப்பட்டது. நூலில் உழைத்து இளைத்த மாந்தர், மேடையிலும் திரையிலும் படிப்படியாகப் பட்டிக்காட்டுப் பேதையராயினர். உழவன் தன்னை நகும்போது அது ஆற்றல். நகரத்தான் அவனை நகும்போது அது வெறும் எள்ளல். சொல் ஒன்றே, நகுவோர் மாறப் பொருளும் மாறிவிடுகிறது.

'எங்கள் காணி' என்னும் தலைப்பில் மற்றொன்றும் உண்டு. அம்மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்த முதற்குடியினருக்கு, குடியேறியோரின் 'எங்கள்' என்னும் அச்சொல்லில் இடமில்லை. தம் வறுமையையும் பேதைமையையும் நகைத்துக்காட்டிய ஒரு சமுதாயம், தான் பிறரிடமிருந்து பறித்ததை அந்நகையில் சேர்க்கவில்லை. தன்னை எள்ளும் நகை உயர்ந்தது. அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் சேர்த்து நோக்குவதே வரலாறு கற்போர் கடன்.