அதிமானிட வீரரும் நிறபேதமும்

சிறுவர் படித்து எறியும் சித்திரக்கதைகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா எனச் சிலர் வினவக்கூடும். கொள்ளலாம் என்பதே எமது கருத்து. ஒரு சமுதாயம் தன் சட்டசபையில் மறைத்துப் பேசுவதைக் குழந்தைகளுக்கான கதையில் ஒளியாது கூறிவிடுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்து, இன்று உலகெங்கும் திரையில் உலாவரும் அதிமானிட வீரர்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1938ஆம் ஆண்டில் 'சூப்பர்மான்' என்னும் பாத்திரத்தைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் யூதக் குடியேறிகளின் புதல்வர்கள். ஆரம்ப இதழ்களில் அவ்வீரன் தொழிலாளரின் உயிரை மதியாத சுரங்க முதலாளிக்குப் பாடம் புகட்டினான். 'கப்டன் அமெரிக்கா'வைப் படைத்த இருவரும் யூதரே. அமெரிக்கா யுத்தத்தில் இறங்குமுன்னரே, 1941 மார்ச் எனத் திகதியிடப்பட்ட முதலாவது இதழின் அட்டையில் அவர்களுடைய வீரன் ஹிட்லரின் முகத்திற் குத்தினான்.

இவ்வாறு ஒடுக்கப்பட்டோரின் கனவாகத் தோன்றிய கலை, மற்றோர் ஒடுக்கப்பட்ட இனத்தை எவ்வாறு நோக்கியது? 'கப்டன் மார்வெல்' கதைகளில் ஸ்டீம்போட் என்ற கறுப்பினப் பணியாள் வந்தான். தடித்த உதடும், கொச்சைப் பேச்சும், எதற்கும் நடுங்கும் சுபாவமுமே அவனுடைய இலட்சணங்கள். 19ஆம் நூற்றாண்டு மேடைகளில் வெள்ளையர் முகத்திற் கரிபூசி ஆடிய கேலிக் கூத்துக்களின் வாரிசு அவன். ஓவியர் தனிப்பட்ட முறையில் நல்லவரா கெட்டவரா என்பது இங்கு வினாவன்று. அடிமைமுறை விட்டுச்சென்ற உருவங்கள் கைக்கெட்டும் தூரத்திற் கிடந்தன. சந்தை அவற்றை வேண்டியது.

யுத்தகாலத்தில் இப்போக்கு அரசின் கொள்கையோடு கைகோத்தது. 1942ஆம் ஆண்டு ஜனாதிபதி ரூஸ்வெல்டின் ஆணையைத் தொடர்ந்து ஏறக்குறைய 120,000 ஜப்பானிய வம்சாவழியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றிலிரு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். மறு ஆண்டிலே வெளிவந்த 'பற்மான்' தொடர்படத்தில், வெறிச்சோடிய ஜப்பானியர் குடியிருப்பைக் காட்டி, அவர்களை அப்புறப்படுத்திய அரசாங்கத்தின் மதிநுட்பத்தை அறிவிப்பாளரின் குரல் மெச்சுகின்றது. அப்படத்தின் ஜப்பானிய வில்லனாக நடித்தவரோ ஜே. கரோல் நேஷ் என்னும் வெள்ளை நடிகர். பிரசைகளைச் சிறையிட்ட அநீதி சிறுவரின் பொழுதுபோக்காயிற்று.

எதிர்க்குரலே எழவில்லை என்று கூறுதல் தவறாகும். 1953ஆம் ஆண்டில் அல் ஃபெல்ட்ஸ்டீன் எழுத, ஜோ ஒர்லாண்டோ வரைந்த 'தீர்ப்பு நாள்' என்ற சித்திரக்கதை அதி வீரர்களைப் பற்றியதன்று. எனினும் இவ்வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. இயந்திர மனிதர் வாழும் ஒரு கிரகத்தைப் பரிசோதிக்கப் பூமியிலிருந்து ஒருவர் செல்கிறார். உள்ளமைப்பில் யாவரும் ஒன்றே. மேற்பூச்சு மட்டுமே வேறு. ஆயினும் நீலநிறத்தவர் சேரியில் ஒதுக்கப்பட்டுள்ளனர். பிரபஞ்சக் குடியரசிற் சேர அக்கிரகம் இன்னும் தகுதி பெறவில்லை எனக் கூறித் திரும்பியவர், கலத்தில் ஏறித் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர்.

1956ஆம் ஆண்டில் இக்கதையை மறுபிரசுரம் செய்ய முயன்றபோது, சித்திரக்கதைகளுக்கான தணிக்கை அதிகாரி, அம்மனிதர் கறுப்பராக இருத்தலாகாது என்றார். இனத்தை இழிவுபடுத்தல் கூடாதென்று அதே தணிக்கை விதிகளில் எழுதப்பட்டிருந்தமை கவனிக்கத்தக்கது! பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் பணியவில்லை. கதை மாற்றமின்றி வெளிவந்தது. கறுப்பரைக் கோமாளியாக வரைந்தபோது எவரையும் உறுத்தாத தூரிகை, அவரை நீதிபதியாக வரைந்தபோது உறுத்திற்று. வேற்றுமை எங்கே இருந்தது என்பதை இதனைவிடத் தெளிவாக விளக்கமுடியாது.

1963ஆம் ஆண்டு தோன்றிய 'இரும்பு மனிதன்' டொனி ஸ்டார்க், ஆயுத உற்பத்தியாளன். தன் ஆயுதங்களின் திறனைக் காண வியட்நாமுக்குச் சென்று, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடம் சிக்குகிறான். யின்சென் என்னும் ஆசிய விஞ்ஞானி கவசம் செய்ய உதவி, அவன் தப்புவதற்காகத் தன் உயிரைக் கொடுக்கிறார். 2008ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வியட்நாமின் இடத்தை ஆப்கானிஸ்தான் பிடித்துக்கொண்டது. இப்படத்தின் நாயகன் ஆயுத வியாபாரத்தைக் கைவிடுவதாக அறிவிப்பது உண்மையே. ஆயினும் கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. தீய ஆசியன் கொல்லப்படவேண்டும். நல்ல ஆசியன் வெள்ளை வீரனுக்காக மடியவேண்டும். யுத்தகளம் மாறியது, எம்போன்றோர்க்கு ஒதுக்கிய வேடம் மாறவில்லை.

1966ஆம் ஆண்டில் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் படைத்த 'கருஞ்சிறுத்தை' முன்னேற்றமான படைப்பு என்பதில் ஐயமில்லை. வக்காண்டா என்னும் கற்பனை நாட்டின் அரசன், விஞ்ஞானத்தில் எவருக்கும் சளைக்காதவன். 2018ஆம் ஆண்டு ரயன் கூக்ளர் அதனைத் திரைப்படமாக்கியபோது, கறுப்பினக் குழந்தைகள் தம்மைத் திரையிற் கண்டு பூரித்தனர். படமும் 130 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அம்மகிழ்ச்சியை நாம் மதிக்கின்றோம். எனினும் ஒன்றைக் கூறாதிருக்க முடியாது. ஒடுக்கப்பட்ட கறுப்பருக்கு ஆயுதம் வழங்க முனையும் கில்மொங்கர் அப்படத்தில் வில்லனாகி மடிகின்றான். அவ்வாயுதங்கள் செல்லாது தடுக்க உதவும் நண்பனோ அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவன். கொங்கோவின் பிரதமர் பற்றிஸ் லுமும்பாவைக் கொல்ல அதே நிறுவனம் நஞ்சு அனுப்பியதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்க செனற் சபையின் விசாரணைக்குழுவே வெளிப்படுத்தியது. நஞ்சு பயன்படவில்லை, 1961 ஜனவரியில் அவரை வேறு கைகள் கொன்றன. முகங்களின் நிறம் மாறினாலும், எவர் கையிலுள்ள ஆயுதம் நியாயமானது என்று தீர்ப்பிடும் உரிமை பழைய இடத்திலேயே இருக்கின்றது.

இவற்றைத் தடைசெய்யுமாறு நாம் கேட்கவில்லை. தணிக்கையின் நீதியை மேலே கண்டோம். ஸ்டீம்போட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் கூறி முடிக்கலாம். 1945ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் பாடசாலை மாணவர் சிலர் அப்படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு பதிப்பகத்துக்குச் சென்றனர். இலட்சக்கணக்கான வாசகர் ஓர் இனம் முழுவதையும் இவ்வாறே எண்ணிவிடுவர் என்று வாதாடினர். அப்பாத்திரம் நீக்கப்பட்டது. அம்மாணவர் பேரறிஞர் அல்லர். தாம் விரும்பிப் படித்த கதையையே கேள்வி கேட்கத் துணிந்தவர்கள். எமது வகுப்பறைகளில் அத்துணிவுக்கு இடமுண்டா என்பதை ஆசிரியர்களே கூறவேண்டும்.