ஆஸ்திரேலிய பிஆர்: தகுதி நிரந்தரம், திரும்பி வரும் அனுமதிக்கு ஐந்தாண்டு

ஆஸ்திரேலியாவில் பிஆர் எனப்படும் நிரந்தரவாசத் தகுதி கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றே பல மலேசியக் குடும்பங்கள் நினைக்கின்றன. தகுதி நிரந்தரம்தான். ஆனால் வெளிநாடு சென்று மீண்டும் அந்நாட்டுக்குள் நுழையும் அனுமதிக்கு ஐந்தாண்டுகளே ஆயுள். ஊரில் அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று அவசரமாக விமானச்சீட்டு வாங்கும்போது இந்த வேறுபாடு தெரியவந்தால், குடும்பத்தில் ஒருவர் வெளியே சிக்கிக்கொள்ள நேரிடும்.

கணவனா, மனைவியா?

திறன்சார்ந்த குடியேற்றத்துக்கு 189, 190, 491 ஆகிய மூன்று விசா பிரிவுகள் அதிகம் நாடப்படுகின்றன. 189, 190 இரண்டும் நேரடியாக பிஆர் தருபவை. 190க்கு ஒரு மாநிலத்தின் நியமனம் தேவை. 491 என்பது சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் ஆகிய பெருநகரங்களுக்கு அப்பாற்பட்ட வட்டாரங்களுக்கான ஐந்தாண்டு தற்காலிக விசா. அங்கு மூன்றாண்டு வாழ்ந்து, வருமான வரி ஆவணங்களைக் காட்டிய பிறகே 191 வழியாக பிஆர் கிடைக்கும்.

அழைப்பு வரும்போது முதன்மை விண்ணப்பதாரர் 45 வயதை எட்டியிருக்கக் கூடாது. குறைந்தது 65 புள்ளிகள் வேண்டும். போட்டி காரணமாகப் பல துறைகளில் அதைவிடக் கூடுதல் தேவைப்படுகிறது. வயது 25 முதல் 32 வரை என்றால் 30 புள்ளிகள், 33 முதல் 39 வரை 25, 40 முதல் 44 வரை 15.

எனவே யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதைத் தம்பதியர் முதலில் கணக்கிட வேண்டும். சம்பளம் அதிகம் வாங்குபவர்தான் முன்னிற்க வேண்டும் என்பதில்லை. வயது, தொழில், ஆங்கிலத் தேர்வு முடிவு ஆகியவற்றால் மற்றவருக்குப் புள்ளிகள் கூடலாம். துணைவரும் 45 வயதுக்குக் குறைந்தவராக இருந்து, திறன் மதிப்பீட்டிலும் ஆங்கிலத்திலும் தேறினால் 10 புள்ளிகள் சேரும். ஆங்கிலத்தில் மட்டும் தேறினால் 5.

துணைவரையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். 18 முதல் 22 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோரைச் சார்ந்திருப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாத்தா பாட்டியைச் சேர்க்க முடியாது. குடியேறிய பிறகும் குடும்பம் மலேசியாவுக்கு வந்துபோக வேண்டியிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கணக்கு தொடங்கும் நாள்

பயண அனுமதியின் ஐந்தாண்டு, விசா வழங்கப்பட்ட நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, குடும்பம் அங்கு போய் இறங்கும் நாளிலிருந்து அல்ல. ஒருமுறை போய் முதல் நுழைவை முடித்துவிட்டு, மூன்றாண்டு கழித்து நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால் மிஞ்சுவது இரண்டாண்டு மட்டுமே.

அனுமதி முடியும் நாளில் ஆஸ்திரேலியாவுக்குள் இருப்பவருக்கு பிஆர் தகுதி தொடரும். வேலை, வீடு எதற்கும் பாதிப்பில்லை. ஆனால் வெளியே சென்றால் திரும்ப நுழைய மீள்வருகை விசா தேவை. முடியும் நாளில் வெளியே இருப்பவரின் நிரந்தர விசா அன்றே செயலிழக்கும். அவர் வெளியிலிருந்தே மீள்வருகை விசாவுக்கு விண்ணப்பித்து, அது கிடைத்த பிறகே விமானம் ஏற முடியும்.

ஆளுக்கொரு விசா

ரெசிடென்ட் ரிட்டர்ன் விசா எனப்படும் இந்த மீள்வருகை விசாவை ஒரே விண்ணப்பத்தில் குடும்பம் முழுமைக்கும் பெற முடியாது. ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். நாள் கணக்கும் தனித்தனிதான்.

கடந்த ஐந்தாண்டில் மொத்தம் இரண்டாண்டு, அதாவது 730 நாள்கள், நிரந்தரவாசியாக அங்கு இருந்தவருக்கு 155 பிரிவின்கீழ் மீண்டும் ஐந்தாண்டு அனுமதி கிடைக்கும். அந்த நாள்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நாள்கள் குறைந்தால், ஆஸ்திரேலியாவுக்குப் பயன்தரும் கணிசமான வேலை, வணிக, பண்பாட்டு அல்லது தனிப்பட்ட பிணைப்பை நிரூபிக்க வேண்டும். அதன்பின் கிடைப்பது அதிகபட்சம் ஓராண்டு. அதற்கும் தகுதி பெறாதவர், மறுக்க முடியாத, இரக்கத்துக்குரிய காரணத்தால் வெளியேற நேர்ந்தது என்று காட்டினால் 157 பிரிவில் மூன்று மாத அனுமதி பெற வாய்ப்புண்டு.

உதாரணமாக, ஒரு குடும்பத்துக்கு 2022 ஜனவரியில் விசா கிடைத்து, 2023 ஜனவரியில் பெர்த் சென்றதாகக் கொள்வோம். மனைவியும் பிள்ளைகளும் அங்கேயே தங்குகிறார்கள். கணவர் கோலாலம்பூர் வேலையை விடாமல், ஆண்டுக்கு ஆறு வாரம் மட்டும் போய்வருகிறார். 2027 ஜனவரியில் மனைவியின் கணக்கில் ஏறத்தாழ நான்காண்டு இருக்கும். கணவரின் கணக்கில் 168 நாள்களே இருக்கும். மனைவிக்கு ஐந்தாண்டு அனுமதி கிடைக்கும். கணவர், 155 விசா பெற்ற மனைவியின் குடும்ப உறுப்பினர் என்ற அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். ஆனால் அவருக்குக் கிடைப்பது ஓராண்டுக்குள்தான்.

குடியுரிமை எனும் முடிவு

குடியுரிமை பெற்றவருக்கு மீள்வருகை விசா தேவையில்லை. நான்காண்டு சட்டப்படி வாழ்ந்து, அதில் கடைசி ஓராண்டு பிஆர் தகுதியுடன் இருந்தவர் விண்ணப்பிக்கலாம். அந்த நான்காண்டில் ஓராண்டுக்கு மேலோ, கடைசி ஓராண்டில் 90 நாள்களுக்கு மேலோ வெளியே இருந்திருக்கக் கூடாது.

ஆனால் மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மலேசியக் குடியுரிமையை விட்டவர், பிறந்த ஊருக்கே சுற்றுப்பயணியாக வந்து ஒருமுறைக்கு 90 நாள்கள்தான் தங்கலாம். வயதான பெற்றோரைப் பராமரிக்க வேண்டியவர்களுக்கு இது சிறிய விஷயமன்று. கணவன் மனைவியில் ஒருவர் குடியுரிமை பெற்று, மற்றவர் பிஆர் தகுதியோடு இருப்பதற்கும் தடையில்லை. அப்படி முடிவெடுத்தால், பிஆர் வைத்திருப்பவரின் நாள் கணக்கைக் கவனிப்பது அவசியம்.

பெற்றோரில் ஒருவர் பிஆர் தகுதியுடன் இருக்கையில் அங்கு பிறக்கும் குழந்தை, பிறப்பிலேயே ஆஸ்திரேலியக் குடிமகன் அல்லது குடிமகள். அக்குழந்தைக்கு ஆஸ்திரேலியக் கடப்பிதழ் எடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

• ஒவ்வொருவரின் பயண அனுமதி முடியும் தேதியையும் வீவோ இணையச் சேவையில் பார்த்துக் குறித்துவைக்கவும்.

• ஒவ்வொருவரும் போன, வந்த தேதிகளை எழுதிவைக்கவும். மறந்திருந்தால் ஆஸ்திரேலிய உள்துறையிடம் பயணப் பதிவைக் கேட்டுப் பெறலாம்.

• கடப்பிதழ் மாற்றினால் புதிய எண்ணை உடனே தெரிவிக்கவும்.

• நாட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே மீள்வருகை விசாவுக்கு விண்ணப்பிக்கவும்.

• கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் உள்துறையின் இணையப்பக்கத்தைச் சரிபார்க்கவும்.