தொலைக்காட்சி அறிவியல் சோதனை நிகழ்ச்சிகள்

ஒரு கேள்வியையோ மக்களிடையே உலவும் நம்பிக்கையையோ கேமரா முன் சோதித்துக் காட்டும் நிகழ்ச்சிகள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் டான் ஹெர்பர்ட் 1951-இல் தொடங்கிய ‘வாட்ச் மிஸ்டர் விசார்ட்’ இவற்றின் முன்னோடி. பிற்காலத்தில் உலகெங்கும் புகழ்பெற்றது டிஸ்கவரி அலைவரிசையின் ‘மித்பஸ்டர்ஸ்’ (2003–2016). கேளிக்கைக்காக அறிவியலின் கறார்த்தன்மை பலியாகிறதா என்ற விவாதம் பெரும்பாலும் இந்த நிகழ்ச்சியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

ஹெர்பர்ட் செய்தது செயல்விளக்கம். விடை முன்பே தெரியும். அதைக் கண்ணால் பார்க்கும்படி செய்வதே அவர் வேலை. மித்பஸ்டர்ஸ் விடை தெரியாத கேள்விகளை எடுத்துக்கொண்டு தீர்ப்பும் வழங்கியது. ஒவ்வொரு நம்பிக்கையின் மீதும் ‘பொய்’, ‘சாத்தியம்’, ‘உறுதி’ என்ற மூன்று முத்திரைகளில் ஒன்று குத்தப்பட்டது. ஆய்வுமுறை குறித்த கேள்விகள் எழுந்ததும் இந்த முத்திரையால்தான். முதன்மைத் தொகுப்பாளர்களான ஆடம் சாவேஜும் ஜேமி ஹைன்மனும் திரைப்படச் சிறப்புக்காட்சி வல்லுநர்கள்; அறிவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். இதைப் பலர் குறையாகச் சொன்னார்கள். ஆனால் பட்டம் இல்லாததால் நேர்ந்த பிழைகளைவிட, ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயத்தால் நேர்ந்த பிழைகளே பெரியவை.

2005-இல் ஒளிபரப்பான கொட்டாவிச் சோதனை இதற்குத் தெளிவான சான்று. ஒருவர் கொட்டாவி விட்டால் பார்ப்பவருக்கும் வருமா என்பது கேள்வி. 50 பேர் தனித்தனியாகச் சிற்றறைகளில் அமர்த்தப்பட்டு, மறைகேமராவில் கவனிக்கப்பட்டார்கள். அவர்களில் 34 பேர் எதிரே ஒருவர் வேண்டுமென்றே கொட்டாவி விட்டார். மீதி 16 பேர் ஒப்பீட்டுக் குழு. முதல் குழுவில் 10 பேரும் ஒப்பீட்டுக் குழுவில் 4 பேரும் கொட்டாவி விட்டார்கள். அதாவது 29 விழுக்காடும் 25 விழுக்காடும். கிடைத்த முத்திரை: ‘உறுதி’.

ஒப்பீட்டுக் குழு வைத்தது, சோதனையின் நோக்கத்தை மறைத்தது, எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொன்னது ஆகிய மூன்றும் பாராட்டத்தக்கவை. பல நிகழ்ச்சிகள் இவற்றில் ஒன்றைக்கூடச் செய்வதில்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழுவில் இன்னும் ஒரே ஒருவர் கொட்டாவி விட்டிருந்தால் அங்கே 31 விழுக்காடாகி, முடிவு தலைகீழாகியிருக்கும். ஒற்றை ஆளின் கொட்டாவியில் கவிழ்ந்துவிடக்கூடிய தரவை வைத்துக்கொண்டு ‘உறுதி’ என்று சொல்ல முடியாது. கொட்டாவி தொற்றும் என்பதற்கு வேறு ஆய்வுகளில் ஆதாரம் உண்டு. ஆகவே நிகழ்ச்சி சொன்ன முடிவு சரியாகவே இருக்கலாம். அந்த முடிவுக்கு வர அவர்கள் கையில் இருந்த சான்று போதாது. அறிவியலில் இவை இரண்டும் வேறு வேறு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், தன் முடிவைத் தானே திருத்திக்கொண்ட பழக்கம் இந்த நிகழ்ச்சிக்குப் பெருமை சேர்க்கிறது. மழையில் ஓடினால் நடப்பதைவிட அதிகம் நனைவோம் என்று 2003-இல் செயற்கை மழையை வைத்துச் சொன்னவர்கள், 2005-இல் உண்மையான மழையில் சோதித்து அதை மாற்றினார்கள். மணிக்கு 50 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதும் இரு வண்டிகளுக்கு, 100 மைல் வேகத்தில் சுவரில் மோதிய அளவு சேதம் நேரும் என்று ஹைன்மன் ஒருமுறை சொன்னார். பார்வையாளர்கள் மறுத்து எழுதினார்கள். 2010-இல் உண்மையான கார்களை மோதவிட்டுப் பார்த்தபோது, சேதம் 50 மைல் வேகத்தில் சுவரில் மோதிய காரின் சேதத்தையே ஒத்திருந்தது. இரண்டு நிலைகளிலும் ஒவ்வொரு காரும் 50 மைல் வேகத்திலிருந்துதான் நிற்கிறது என்ற எளிய இயற்பியல் கோடிக்கணக்கானோர் கண்முன் நிறுவப்பட்டது.

ஆர்க்கிமிடீஸ் கண்ணாடிகளால் சூரிய ஒளியைக் குவித்து ரோமானியக் கப்பல்களை எரித்தார் என்ற கதை மூன்று முறை சோதிக்கப்பட்டது. 2004-இல் ‘பொய்’ என்று தீர்ப்பானது. 2005-இல் எம்.ஐ.டி. மாணவர்கள் 127 கண்ணாடிகளைக் கொண்டு, சுமார் 30 மீட்டர் தொலைவில் அசையாமல் நின்ற கப்பல் மாதிரியைப் பற்றவைத்தார்கள். அதன்பின் அவர்களையே அழைத்து நிகழ்ச்சி மறுசோதனை செய்தது. 2010-இல் அதிபர் ஒபாமாவே கேட்டுக்கொண்டதன் பேரில் 500 பேர் கண்ணாடி ஏந்தினார்கள்; கப்பல் எரியவில்லை. இந்தத் தோல்விகள் அந்த ஆயுதம் போருக்கு உதவாது என்று கருத வலுவான காரணம் தருகின்றன. ஆனாலும் சில முயற்சிகள் தோற்றதை வைத்து ஒன்று நடக்கவே முடியாது என்று சொல்லிவிட இயலாது. ‘பொய்’ என்ற ஒற்றைச் சொல் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது.

வெடிகள் வேறு வகை. கலவை லாரிக்குள் இறுகிய கான்கிரீட்டை வெடிவைத்துத் தளர்த்தலாமா என்று தொடங்கிய பகுதி, சுமார் 385 கிலோ வெடிமருந்தால் லாரியையே இல்லாமலாக்கி முடிந்தது. எழுப்பிய கேள்விக்கும் அந்த வெடிக்கும் தொடர்பில்லை. எனினும் அது எந்த முடிவையும் திரிக்காததால் தீங்கற்ற காட்சி என்றே கொள்ள வேண்டும்.

மன்னிக்க முடியாதது பிரிட்டனின் ‘பிரெய்னியாக்’ (2003–2008) செய்தது. கார உலோகங்களைத் தண்ணீர் நிறைந்த குளியல்தொட்டியில் போட்டுக் காட்டிய பகுதியில், ருபீடியமும் சீசியமும் தொட்டியையே தகர்ப்பதாகத் திரையில் தெரிந்தது. உண்மையில் அவற்றின் வினை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. தனியாக வெடிமருந்து வைத்து வெடித்திருந்தார்கள். இந்த மோசடியை 2006-இல் ‘தி கார்டியன்’ பத்தியாளர் பென் கோல்டேக்கர் அம்பலப்படுத்தினார். ஆவர்த்தன அட்டவணையில் கீழே போகப்போகக் கார உலோகங்களின் வினைத்திறன் கூடும் என்பது பாடப்புத்தகச் செய்தி. ஆனால் சீசியத்தின் அணு மிகக் கனமானது. ஒரே எடையை எடுத்துக்கொண்டால் சீசியத்தில் அணுக்கள் குறைவு. வெளிவரும் ஹைட்ரஜனும் குறைவு. எதிர்பார்ப்பு ஏன் பொய்த்தது என்று மாணவர்கள் யோசிக்கக் கிடைத்த அருமையான வாய்ப்பை, அந்தப் போலி வெடி பறித்துவிட்டது.

ஆக, கேளிக்கை இருப்பதாலேயே கறார்த்தன்மை போய்விடுவதில்லை. சிறிய தரவுக்குப் பெரிய தீர்ப்புச் சொல்வது பிழை. வராத விளைவை வந்ததாகக் காட்டுவது மோசடி. மித்பஸ்டர்ஸ் முதலாவதைப் பலமுறை செய்தது. பிரெய்னியாக் இரண்டாவதைச் செய்தது. இந்த நிகழ்ச்சிகளை வகுப்பில் காட்டும் ஆசிரியர்கள், கொட்டாவிச் சோதனையின் நான்கு எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதி, முத்திரையை மாணவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.