பிளாஸ்மாவும் எல்சிடியும்

தட்டைத்திரைத் தொலைக்காட்சி வாங்கச் சென்றவர்கள் முன்னால் 1990களின் இறுதியிலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் இரண்டே வகைகள் நின்றன: பிளாஸ்மா, எல்சிடி. இரண்டுமே 1960களின் அமெரிக்காவில் பிறந்தவை. ஆனால் பிளாஸ்மா வீட்டுக் கூடத்துக்காகப் பிறக்கவில்லை. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்ஸரும் ஜீன் ஸ்லாட்டவும் அவர்களுடைய மாணவர் ராபர்ட் வில்சனும் 1964-இல் பிளேட்டோ என்ற கற்பித்தல் கணினிக்காகப் பிளாஸ்மா திரையை உருவாக்கினார்கள். அது ஆரஞ்சு நிறத்தில் மட்டுமே ஒளிர்ந்தது. அதே காலத்தில் ஆர்சிஏ நிறுவனத்தின் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் திரவப் படிகங்களை வைத்துத் திரை செய்ய முடியும் என்று காட்டினார். படக்குழாய் விற்றுச் செழித்த அந்த நிறுவனம் அதைத் தொடர்ந்து வளர்க்கவில்லை. ஜப்பானின் ஷார்ப் 1973-இல் அதைக் கையடக்கக் கால்குலேட்டரில் பொருத்தி விற்றது.

பிளாஸ்மாவை வண்ணத் தொலைக்காட்சியாக்கியதில் பெரும்பங்கு ஃபியூஜிட்சுவில் பணியாற்றிய சுதாயே ஷினோடாவுடையது. 1992-இல் 21 அங்குல வண்ணத் திரையும், சில ஆண்டுகளில் 42 அங்குலத் திரையும் வந்தன. 1997-இல் அமெரிக்கக் கடைகளில் பிலிப்ஸின் 42 அங்குலப் பெட்டி ஏறத்தாழ 15,000 டாலருக்கு விற்கப்பட்டது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே லட்சக்கணக்கான நுண்ணறைகள். அவற்றில் நியான், செனான் வாயுக்கள். மின்னழுத்தம் தந்தால் வாயு புறஊதாக் கதிரை உமிழும். அறையின் சுவரில் பூசிய பாஸ்பர் அதை வாங்கிச் சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். ஒளி அந்தந்த அறையிலேயே பிறப்பதால் இருண்ட காட்சியில் கருமை கருமையாகவே தெரிந்தது. வேகமாக ஓடும் பந்தும் இழுபடவில்லை. பக்கவாட்டில் அமர்ந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை.

எல்சிடியின் அமைப்பு வேறு. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரியும். முன்னால் உள்ள படிகங்கள் திரும்பி ஒளியை விடும் அல்லது தடுக்கும். முழுமையாகத் தடுக்க முடியாததால் கருமை சாம்பலாக வெளுத்தது. படிகங்கள் மெதுவாகத் திரும்பியதால் அசையும் உருவங்கள் மங்கின. ஆனால் பிளாஸ்மாவின் நுண்ணறைகளைச் சிறிதாக்குவதும் கடினமாக இருந்தது. தொடக்ககால 42 அங்குலத் திரைகள் பலவற்றில் 852 பத்தியும் 480 வரியுமே இருந்தன. மின்செலவு அதிகம், அலைவரிசையின் முத்திரை ஒரே மூலையில் நெடுநேரம் நின்றால் திரையில் வடுவாகப் பதியும் என்ற அச்சமும் இருந்தது. அதனால் சிறிய திரை என்றால் எல்சிடி, 40 அங்குலத்துக்கு மேல் என்றால் பிளாஸ்மா என்பதே அந்நாளின் பொது அறிவுரை.

அந்த எல்லையைத் தகர்த்தது கண்ணாடித் தகட்டின் அளவு. ஜப்பானில் விற்கும் தன் தொலைக்காட்சிகள் அனைத்தையும் 2005-க்குள் எல்சிடியாக மாற்றுவதாக ஷார்ப்பின் தலைவர் கட்சுஹிகோ மச்சிடா 1998-இல் அறிவித்திருந்தார். 2004-இல் மியே மாநிலத்தின் கமேயாமாவில் திறந்த ஆலை 1.5 மீட்டருக்கு 1.8 மீட்டர் தகட்டிலிருந்து எட்டு 32 அங்குலத் திரைகளை வெட்டியது. 2006-இல் அங்கே வந்த இரண்டாம் ஆலையின் தகடு 2.16 மீட்டருக்கு 2.46 மீட்டர். அதே காலத்தில் சாம்சங்கும் சோனியும் கூட்டாகத் தென்கொரியாவில் ஆலை அமைத்தன. பெரிய எல்சிடியின் விலை ஆண்டுக்காண்டு சரிந்தது. ஆனாலும் இந்த மாற்றம் எல்லா வீடுகளையும் ஒரே நேரத்தில் எட்டவில்லை: தமிழ்நாட்டு அரசு 2006-இல் வழங்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகளே.

விலையோடு கடையின் வெளிச்சமும் தீர்ப்புச் சொன்னது. குழல்விளக்குகள் நிறைந்த ஷோரூமில் எல்சிடி பளிச்சென்று தெரிந்தது. பிளாஸ்மாவின் கண்ணாடி அந்த விளக்குகளையே திருப்பிக் காட்டியது. வீட்டில் இரவு விளக்கணைத்துப் படம் பார்க்கும்போது எது சிறந்தது என்பதை அங்கே எவராலும் சோதிக்க முடியவில்லை. பயனியர் 2007-இல் கொண்டுவந்த குரோ பிளாஸ்மா வரிசை கருமையின் ஆழத்தில் அன்றைய எந்த எல்சிடியும் எட்டாத தரம். அப்படியிருந்தும் 2009-இல் அந்நிறுவனம் தொலைக்காட்சித் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தது. அமகசாகியில் பெரும் ஆலைகளைக் கட்டிய பானாசோனிக் 2013 இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் பின்தொடர்ந்தன. நல்ல படத்தை விரும்பியவர்களுக்கு இது உண்மையான இழப்பு.

அதற்குள் எல்சிடியின் பின்விளக்கு மாறியிருந்தது. 2009 முதல் ‘எல்இடி டிவி’ என்று பரவலாக விற்கப்பட்டவை குழல்விளக்குக்குப் பதில் எல்இடி விளக்கு பொருத்திய எல்சிடிகளே. பெட்டி மெலிந்தது, மின்செலவு குறைந்தது, திரையின் தத்துவம் மாறவில்லை. புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிரும் திரை ஓஎல்இடி வடிவில் திரும்பியது. கோடாக் ஆய்வாளர்கள் 1987-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பை அடித்தளமாகக் கொண்ட அந்தத் திரையை சோனி 2007-இல் 11 அங்குலத்தில் விற்றது. எல்ஜி 2013-இல் 55 அங்குலத்துக்கு உயர்த்தியது. பிளாஸ்மாவின் ஆழ்ந்த கருமையோடு அதன் பழைய குறையும் சேர்ந்தே வந்தது. நிலையான உருவங்கள் நெடுநேரம் நின்றால் ஓஎல்இடியிலும் வடு பதியலாம். பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்தில் செய்தி அலைவரிசை நாள் முழுதும் ஓடும் வீடுகளுக்கு இன்றும் எல்சிடியே பொருத்தமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.