ஆங்கில உடன்பிறப்புச் சொற்கள்

ஒரே மூலச்சொல்லில் பிறந்து, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்து, வடிவிலும் பொருளிலும் பிரிந்துபோன சொற்கள் உடன்பிறப்புச் சொற்கள் ஆகும். மொழியியலார் டப்லெட் என்பர். தமிழிலக்கணம் கூறும் இரட்டைக்கிளவிக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

நோர்ஸ் வரவு

793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடிய வைக்கிங்குகள், அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினர். அவர்கள் பேசிய பழைய நோர்ஸ், ஆங்கிலத்துக்குப் பங்காளி மொழி. ஆங்கிலத்தில் ‘ஷ’ எனக் குழைந்துவிட்ட ஒலியை நோர்ஸ் ‘ஸ்க’ என்றே வைத்திருந்தது. இதனால் ஒரே மூலத்திலிருந்து ஷர்ட், ஸ்கர்ட் என இரு சொற்கள் ஒரே ஊரில் புழங்கின. ஒரே உடுப்புக்கு இரண்டு பெயர் எதற்கு? ஒன்று இடுப்புக்கு மேலே போயிற்று, மற்றது கீழே இறங்கிற்று. குட்டை எனப் பொருள்படும் ஷார்ட் இவ்விரண்டுக்கும் உறவு.

நார்மன் வரவு

1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் வென்ற வில்லியத்துடன் வந்தது நார்மண்டி வட்டாரப் பிரெஞ்சு. 1154இல் ஆன்ஜூ வம்சத்து இரண்டாம் ஹென்றி அரியணை ஏறியபின் பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சின் செல்வாக்குக் கூடியது. ஆங்கிலமோ முன்னதைத் திருப்பி அனுப்பாமல் பின்னதையும் வாங்கி வைத்துக்கொண்டது. நார்மன் வழக்கில் ‘வ’ என்று தொடங்கும் சொல் பாரிஸ் வழக்கில் ‘க’ என்று தொடங்கும். வார்டன், கார்டியன், வாரன்டி, கேரன்டி ஆகியவை அப்படி வந்த சோடிகள். கேட்ச், சேஸ் இரண்டும் வேட்டையோடு தொடர்புடைய ஒரே சொல்லின் இரு வட்டார வடிவங்கள். இன்று பிடிப்பது ஒன்று, துரத்துவது மற்றொன்று.

தலை என்று பொருள்படும் லத்தீன் காபுட் வழியே உடைமையைக் குறிக்கும் சொல் ஒன்று உருவாயிற்று. அது நார்மன் வழியாகக் கேட்டில் எனவும், பாரிஸ் வழியாகச் சேட்டல் எனவும், லத்தீனிலிருந்து கேப்பிட்டல் எனவும் வந்தது. முதலாவது கால்நடையாகச் சுருங்கியது, இரண்டாவது அசையும் சொத்தைக் குறிக்கும் சட்டச்சொல் ஆனது, மூன்றாவது முதலீடு. மாடு என்ற சொல்லைத் திருக்குறள் செல்வம் என்னும் பொருளில் ஆள்வதை அறிந்தவருக்கு இது வியப்பாக இராது.

உயிருக்கு ஒரு பெயர், கறிக்கு ஒரு பெயர்

கவ், ஷீப் போன்ற விலங்குப் பெயர்கள் ஆங்கிலம். பீஃப், மட்டன் போன்ற இறைச்சிப் பெயர்கள் பிரெஞ்சு. வளர்த்தவன் ஆங்கிலக் குடியானவன், தின்றவன் நார்மன் பிரபு என்ற விளக்கத்தை வால்டர் ஸ்காட் தம் ‘ஐவன்ஹோ’ புதினத்தில் (1819) விதூஷகன் வாய்வழியே சொல்லிப் பரப்பினார். கதை அழகானது, ஆனால் இடைக்கால ஆங்கிலத்தில் பீஃப் உயிருள்ள மாட்டையும் குறித்தது, பிரிவு உறுதியாகப் பல நூற்றாண்டுகள் ஆயின. லாம்பும் சிக்கனும் பிரபுவின் தட்டிலும் ஆங்கிலமாகவே இருந்தன. கவ், பீஃப் இரண்டும் தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியின் ஒரே சொல்லில் கிளைத்தவை என்பதால் இவையும் தூரத்து உடன்பிறப்புகளே. தமிழ்நாட்டில் மட்டன் என்றால் பெரும்பாலும் வெள்ளாட்டுக்கறி. ஆங்கிலேயருக்கு அது செம்மறி.

வாரன்டியும் கேரன்டியும்

மிக்சி வாங்குபவர் கல்லாவில் கேட்பது, “வாரன்டியா, கேரன்டியா?” கடைப் பேச்சில் கேரன்டி என்றால் பழுதானதைக் கொடுத்துப் புதிது வாங்கலாம்; வாரன்டி என்றால் பழுது பார்த்துத் தருவார்கள். சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி கேரன்டி என்பது கடன்பட்டவர் தவறினால் தாம் பொறுப்பேற்பதாக இன்னொருவர் தரும் உறுதி. ஆகக் கடன் கொடுத்தவர், வாங்கியவர், பிணையாளர் என மூவர் வேண்டும். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் வாரன்டி துணை நிபந்தனை மட்டுமே: மீறப்பட்டால் இழப்பீடு கேட்கலாம், சரக்கைத் தள்ள முடியாது. கல்லாவில் நிற்பவருக்கு இந்த இரண்டு பிரிவுகளும் பொதுவாகத் தெரிவதில்லை, விற்பவர் உட்பட.

ஹாஸ்பிட்டல், ஹாஸ்டல், ஹோட்டல் மூன்றும் இவற்றைப் போலவே உடன்பிறப்புகள்: விருந்தினரைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தவை. தமிழ் மூன்றையும் வாங்கி, ஓட்டலைத் தங்குமிடத்திலிருந்து இட்லி விற்கும் இடமாக்கிவிட்டது.

எழுத்தில் பிரிந்தவை

சில சோடிகளை எழுத்துக்கூட்டல் மட்டுமே பிரித்தது. பூவைக் குறிக்கும் ஃபிளவரும் மாவைக் குறிக்கும் ஃபிளவரும் ஒரே சொல்: கோதுமையை அரைத்தெடுத்ததில் சிறந்த பகுதி அதன் ‘பூ’. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இரண்டையும் தனிச்சொற்களாகப் பிரிக்கவில்லை.

நூல்கள்

நெருங்கிய பொருள்கொண்ட சொற்களை வேறுபடுத்தும் ஆங்கில நூல்களில் ஜான் டிரஸ்லர் (1766), ஹெஸ்டர் பியோஸி (1794), ஜார்ஜ் கிராப் (1816) ஆகியோருடையவை முன்னோடிகள். பீட்டர் ரோஜே 1852இல் சொற்களை 1,000 தலைப்புகளில் அடுக்கினாரே தவிர வேறுபாட்டை விளக்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயால், ஒருபொருட் சொற்கள் காலப்போக்கில் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதை 1897இல் ஒரு விதியாகவே வகுத்தார். அப்படி வேலையைப் பங்கிட்டுக்கொண்ட டிஸ்இன்ட்ரஸ்டட் (தன்னலச் சார்பற்ற), அன்இன்ட்ரஸ்டட் (ஆர்வமற்ற) ஆகியவை 17ஆம் நூற்றாண்டில் பொருள் மாறியும் வழங்கின. எனினும் பிரித்து எழுதுவதே முறை.

தற்காலம்

பிரிட்டனில் கணினி புரோகிராமுக்கும் தொலைக்காட்சி புரோகிராமுக்கும் இன்று எழுத்துக்கூட்டல் வேறு, அமெரிக்காவில் ஒன்றே.