டைனமோவிலிருந்து முகநூல் வரை: முல்லைத்தீவுத் தொடர்பாடல் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

வெகுசனத் தொடர்பு சாதனங்களின் வரலாறு பெரும்பாலும் பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு சாதனத்தின் உடைமை யாருடையது, அதன் வழியே பேசுவோர் யார், கேட்போர் யார் என்னும் வினாக்களை எழுப்பாதவிடத்து அவ்வரலாறு முழுமை பெறாது. இன்று சமூக ஊடகங்கள் பற்றி எழும் புகழுரைகளும் கண்டனங்களும் இவ்வினாக்களைத் தவிர்த்தே செல்கின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் அண்மைக்கால அநுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இவற்றை நோக்குவதே எமது முயற்சியாகும்.

1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் மின்சாரமில்லை. வானொலிக்கான மின்கலங்களும் தடைப் பட்டியலில் இருந்தன. மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவை வானொலிப் பெட்டியுடன் இணைத்தனர். ஒருவர் சில்லைச் சுழற்ற, ஏனையோர் சூழ இருந்து பி.பி.சி. தமிழோசையையும் மணிலாவிலிருந்து ஒலித்த வேரித்தாஸ் வானொலியையும் கேட்டனர். செய்தி வெளியிலிருந்து வந்ததெனினும் அதனைக் கேட்கும் செயல் கூட்டுச் செயலாயிருந்தது. எனினும் வன்னி மக்கள் அங்குக் கேட்போராகவே இருந்தனர். வானொலி, செய்தியை வழங்கும் கருவியாக மாத்திரமன்றி மக்கள் தம்முட் பேசும் கருவியாகவும் மாறவேண்டுமென 1932இல் பெர்டோல்ட் பிரெக்ட் முன்வைத்த கோரிக்கை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றபோது, சுயாதீன ஊடகவியலாளர் அங்கு அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. தம் வாழ்வின் மிகக் கொடிய மாதங்களில் அம்மக்களின் சொல் வெளியுலகை எட்டியது மிகச் சிறிதேயாகும். பின்னாளில் கைத்தொலைபேசிக்கு அங்குக் கிடைத்த வரவேற்பை வெறும் நாகரிக மோகமெனக் கொள்வது தவறாகும். பேசமுடியாதிருந்தோர் பேசுவதற்கு ஒரு வழியைக் கண்டனர்.

2012 செப்டெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது இறுதியாக வெளியேறியோருள் கேப்பாப்புலவு மக்களும் அடங்குவர். அவர்தம் காணிகளோ படையினர் வசமிருந்தன. 2017 ஜனவரி 31இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாயிலில் அமர்ந்தனர். பெண்களும் சிறுவரும் இரவிலும் அங்கேயே தங்கினர். அக்காட்சிகள் முகநூல் வழியாக யாழ்ப்பாணத்துக்கும் புலம்பெயர் நாடுகளுக்கும் பரவின. மார்ச் 1இல் 42 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. சில நாட்களின் முன், அதே ஜனவரியில், சென்னை மெரீனாவில் நிகழ்ந்த சல்லிக்கட்டுப் போராட்டத்துக்கு இளைஞர் திரண்டதிலும் சமூக ஊடகங்கள் பெரும்பங்கு வகித்தன. இவற்றை ஒருங்கே நோக்கிய சிலர், போராட்ட வெற்றிக்கு முகநூலே காரணமென முடிவு கூறினர்.

இம்முடிவு ஏற்புடையதன்று. பிலக்குடியிருப்பு மக்கள் வென்ற அதே நாளில் கேப்பாப்புலவின் ஏனைய காணிகளுக்கான போராட்டம் தொடங்கியது. 2017 மார்ச் 8இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் முல்லைத்தீவில் தொடர்போராட்டத்தை ஆரம்பித்தனர். கருவி அதுவே, பகிர்ந்தோரும் பெரும்பாலும் அவர்களே. ஆயினும், கேப்பாப்புலவுப் போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளைகளின் நிழற்படங்களை ஏந்திய தாய்மாருட் பலர் விடை கிடையாமலே இறந்துபோயினர். போராட்டத்தின் விளைவை நிர்ணயிப்பன அரசின் தன்மையும் சமூக சக்திகளின் பலாபலமுமேயன்றிச் சாதனமன்று. முகநூல் குரலைத் தொலைவுக்குக் கொண்டுசென்றது. ஆயின், வாயிலில் அமர்ந்தது மனிதவுடல்களே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாயொருத்தி ஏந்தும் நிழற்படம் அவளுக்குத் தேடலின் சான்று. விளம்பரத்தால் வருவாய் ஈட்டும் நிறுவனத்துக்கோ அது பார்வையாளரை ஈர்த்து நிறுத்தும் சரக்கு. பயன்பெறுமதிக்கும் பரிவர்த்தனைப் பெறுமதிக்கும் இடையிலான முரண்பாடு அவளது துயரத்துள்ளும் புகுந்துவிடுகின்றது. அதே சாதனம் வெறுப்பையும் பரப்பவல்லது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கெதிராக நிகழ்ந்த வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது.

அரசோ 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் சமூக ஊடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் முகநூற் பதிவுகளுக்காகவும் தமிழ் இளைஞர் கைதாயினர். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பேசும் வாயாக வந்த கருவி, பேசியவரைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாகவும் ஆயிற்று.

ஆகவே, சமூக ஊடகங்களைத் துதிப்பதோ துறப்பதோ எமது பணியன்று. இப்பதிவுகள் ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்று ஆவணங்கள். ஆயினும் அவற்றின் உடைமை அம்மக்களிடம் இல்லை. அந்நிறுவனத்தின் ஒரு தீர்மானத்தால் அவை மறையக்கூடும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு இவ்விழப்பின் பொருளை விளக்கவேண்டியதில்லை. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகம் அச்சேறியவற்றைப் பேணுவதில் ஒரு முன்மாதிரியாய் விளங்குகின்றது. தெருவோரத்தில் பேசப்பட்டவற்றையும், பேசியோரின் சம்மதத்துடனும் பாதுகாப்புடனும், அவ்வாறே திரட்டுதல் பல்கலைக்கழகத்தாரது உடனடிக் கடமையாகும். டைனமோ வானொலியில் மின்சாரமேனும் அம்மக்களுடையதாயிருந்தது. இன்றைய கருவியில் அவர்களுக்கென எஞ்சுவது யாதென்பது, நாம் இப்பணியை மேற்கொள்வதையும் பொறுத்துள்ளது.